கிள்ளான் வரை ஒரு சோதனை ஓட்டம்

லோரியை ஓட்டப்போவது யார் என்று அன்று காலை வரை லோகேஸ்வரிக்குத் தெரியாது. கிள்ளானில் உள்ள ஒரு போக்குவரத்து நிறுவனம் தன்னுடைய பழைய லோரி ஒன்றையும் அதை ஓட்ட ஓர் ஆளையும் சோதனைக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் தெரியும். சாலாக் செலாத்தானில் இருந்த பரிசோதனைக் கொட்டகைக்குள் அவள் நுழைந்தபோது, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் எழுந்து திரும்பினார். திருச்செல்வம். ஒரு காலத்தில் அவளுடைய கணவராக இருந்தவர்.

“குட் மார்னிங், மேடம்,” என்றார்.

பக்கத்தில் இரண்டு மெக்கானிக்குகள் நின்றிருந்தார்கள். அவளும் குட் மார்னிங் சொன்னாள். அவருக்குத் தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. லோரி ஓட்ட வந்தவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். விவாகரத்தாகி இருபது வருடங்கள் ஓடிவிட்டன. அதற்குப் பிறகு மகளின் பள்ளி விழாவிலும் ஒரு சாவு வீட்டிலும் தூரத்தில் பார்த்துக்கொண்டதோடு சரி.

வேறொருவரை அனுப்பச் சொல்லிக் கேட்கலாமா என்று அவள் ஒரு கணம் யோசித்தாள். என்ன காரணம் சொல்வது? லோரியில் எல்லாம் பொருத்தியாகிவிட்டது. முந்தின நாள் முழுக்க அதே வேலைதான். புகைக்குழாயின் நடுவில் ஒரு பீப்பாய் அளவுக்குப் புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிஸ்ட். அதற்குள் யூரியா தண்ணீரைப் பீய்ச்ச ஒரு சிறு குழல். சூடேறினால்தான் கெட்டலிஸ்ட் வேலை செய்யும். அப்போதுதான் யூரியா தண்ணீரோடு சேர்ந்து புகையில் இருக்கும் நச்சு வாயு அடங்கும். பழைய லோரிகளுக்கென்றே செய்தது. கொட்டகையில் தனியாக நிறுத்தி ஓட்டிய இஞ்சினில் அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் கொட்டகையில் சிவப்பு விளக்கும் இல்லை, குறுக்கே வரும் மோட்டார் சைக்கிளும் இல்லை. அதனால்தான் இந்த ஓட்டம். புகைக்குழாயின் வாயிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு, ஓட்டுநர் அறைக்குப் பின்னால் கட்டியிருந்த அளவுப் பெட்டிக்குள் போயிற்று. பெட்டி அளந்து சொல்வது லோகேஸ்வரியின் மடிக்கணினிக்கு வரும். பாரத்துக்கு சிமெண்டுக் கட்டைகளை ஏற்றியிருந்தார்கள்.

“நேராப் பட்டணத்துக்குள்ள போறோம். புடு, பிரிக்பீல்ட்ஸ், பங்சார். அப்புறம் பழைய கிள்ளான் ரோடு. அங்கேருந்து ஹைவே பிடிச்சு கிள்ளான்,” என்று அவள் எல்லாரும் கேட்கும்படி சொன்னாள். “நடுவுல இஞ்சினை நிறுத்தக் கூடாது. சொன்ன ரோட்டைவிட்டு விலகக் கூடாது. நிறுத்தினா மொத்த டெஸ்டும் வீண்.”

“சரிங்க, மேடம்.”

லோரி கொட்டகையைவிட்டு வெளியே வந்ததும் இருவருக்கும் ஒரு சிக்கல் வந்தது. முன்பெல்லாம் அவர் அவளை ‘நீ’ என்பார். இப்போது மேடம் என்று கூப்பிட்டுவிட்ட பிறகு ‘நீ’ வாயில் வரவில்லை. ‘நீங்க’ என்று சொல்லவும் கூச்சம். அதனால் யாரைக் கேட்கிறார் என்றே தெரியாத மாதிரிப் பேசினார்.

“பெல்ட் போட்டாச்சா?”

“ம்.”

“ஏசி பத்துமா?”

“பத்தும்.”

லோகேஸ்வரிக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அடுத்த மாதம் மகள் தாமரைக்குக் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுக்க அம்மாவும் அப்பாவும் சேர்ந்து உட்கார வேண்டும். அது நடக்காது என்று அவளாகவே முடிவெடுத்து, தன் அண்ணன் பாலனையும் அண்ணியையும் உட்காரச் சொல்லியிருந்தாள். இதைத் திருச்செல்வத்திடம் சொல்லியாக வேண்டும். போனை எடுப்பதும் வைப்பதுமாக நாள் போய்க்கொண்டிருந்தது. இப்போது அவரே கைக்கெட்டும் தூரத்தில் கியரை மாற்றிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தவும் முடியாது, இறங்கிப் போகவும் முடியாது.

புடு சாலையில் வாகனங்கள் நகரவே இல்லை. திரையில் கெட்டலிஸ்டின் சூடு இறங்கிக்கொண்டே வந்தது. இருநூறு டிகிரிக்குக் கீழே போனதும் யூரியா தண்ணீர் பீய்ச்சுவது நின்றது. நச்சு வாயுவின் கோடு மேலே ஏறியது.

“என்ன, முகம் ஒரு மாதிரியா இருக்கு?” என்றார் அவர். “என் ஓட்டுல ஏதாச்சும் கோளாறா?”

“உங்க மேல தப்பு இல்ல. ஜாம்ல ஊர்ந்துகிட்டே போனா புகைக்குழாய் ஆறிப் போகுது. ஆறினா இது வேலை செய்யாது.”

“பட்டணத்துல லோரி ஊரத்தானே செய்யும்.”

“அதைத்தான் பார்க்க வந்திருக்கோம்.”

அவர் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். “புகையே தெரியலையே. முன்னல்லாம் கறுப்பா வந்தாத்தான் வண்டி வலுவா இருக்குன்னு நாங்க சொல்லுவோம். ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிச்சு, பின்னால வர்றவன் வண்டியே தெரியாம பண்ணுவோம்.”

“தெரியும். என் துணிக்கொடிதான் அதுக்கு சாட்சி.”

அவர் சிரித்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கும் அந்தச் சிரிப்பு மாறவே இல்லை. லோகேஸ்வரி மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டாள்.

பிரிக்பீல்ட்ஸுக்குள் நுழைந்தபோது மோனோரயில் தலைக்கு மேலே ஓடியது. அதைத் தாங்கும் தூண்கள் பாதி எழும்பி, வேலை நின்று, கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்தார்கள். ஒரு பூக்கடைக்கு மேலே ஒற்றை அறை. சன்னலைத் திறந்தால் மல்லிகை வாசனையும், தூண்களுக்குக் குழி தோண்டிய மண் வாசனையும் சேர்ந்து வரும். சனிக்கிழமைகளில் அவர் லோரியை ரயில் தண்டவாளத்தோரத் திடலில் கொண்டுவந்து நிறுத்துவார். பிரேக்கின் காற்று புஸ்ஸென்று இறங்கும் சத்தம் மாடிக்குக் கேட்கும். லோகேஸ்வரி அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள்.

அவர் மாடியேறி வருவதற்கு முன்னாலேயே டீசல் வாசனை வந்துவிடும். அவருடைய சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அது போகாது. தாமரை பிறந்த பிறகு அந்த வாசனை குழந்தையின் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டது. குழந்தைக்கு இஞ்சின் ஓடினால்தான் தூக்கம் வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கைலிச் சாரத்தில் தூளி கட்டி, இஞ்சினை ஓடவிட்டு, இருவரும் முன்னால் உட்கார்ந்து பொட்டலச் சோறு சாப்பிடுவார்கள். குழந்தை ஆழ்ந்து தூங்கும். பூக்கடைக்கார அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, “உங்க வண்டிப் புகையில என் மாலையெல்லாம் கறுத்துப் போகுதுப்பா,” என்று சத்தம் போடுவாள்.

“இங்கதானே பூக்கடை இருந்துச்சு,” என்றார் திருச்செல்வம்.

“அடுத்த கட்டடம். இப்ப போன் ரிப்பேர் கடை.”

“மேல?”

“தெரியல. ஏசி பெட்டி மாட்டியிருக்கு. ஆள் இருக்காங்க போல.”

விளக்கு சிவப்பாயிற்று. இருவரும் அந்தச் சன்னலைப் பார்த்தார்கள். பச்சை விழுந்து, பின்னாலிருந்தவன் ஹார்ன் அடித்த பிறகுதான் அவர் கியரைப் போட்டார்.

இப்போது சொல்லிவிடலாம் என்று லோகேஸ்வரி வாயெடுத்தாள். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“தாமரை போன வாரம் கிள்ளானுக்கு வந்துச்சு. அந்தப் பையனையும் கூட்டிக்கிட்டு.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“நான்தான் சொல்ல வேணாம்னேன்.” அவர் கண்ணை ரோட்டைவிட்டு எடுக்கவில்லை. “நீங்கதான் உட்கார்ந்து தாரை வார்க்கணும்பான்னு கேட்டுச்சு. உங்கம்மாவைக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னுட்டேன்.”

“அப்ப ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே.”

“போன்ல நாம பேசினது எது நல்லா முடிஞ்சிருக்கு, லோகா?”

அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட வேறு யாரும் இல்லை. அண்ணனுக்கு அவள் ஈஸ்வரி. அலுவலகத்தில் லோகேஸ்.

“டெஸ்டுக்கு வண்டி கேட்டு ஆபீஸுக்குக் கடிதம் வந்துச்சு. இஞ்சினியர் பேரைப் பார்த்தேன். பாஸ்கிட்ட நானே போறேன்னு கேட்டு வாங்கினேன். நேர்ல கேக்கணும்னுதான்.”

அவள் மடிக்கணினியின் திரையைப் பார்த்தாள். அப்புறம், “ஓரமா நிறுத்துங்க,” என்றாள்.

“இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கட்டுமா?”

“இல்ல. ஆஃப் பண்ணுங்க.”

“நிறுத்தினா வீண்னு காலையில நீதான...”

“எனக்குத் தெரியும். நிறுத்துங்க.”

அவர் ஸ்காட் ரோட்டுக்குள் திருப்பி, ஒரு மரத்தடியில் ஓரங்கட்டி, சாவியைத் திருகினார். பிரேக்கின் காற்று இறங்கியது. திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடுகள் நின்றுபோயின.

பக்கத்தில் ஒரு தள்ளுவண்டிக் கடை இருந்தது. நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் இரண்டு வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவளுக்குச் சர்க்கரை குறைவாக என்று அவரே சொல்லி வாங்கினார்.

“அண்ணன்கிட்ட ஏற்கனவே சொல்லிட்டேன்,” என்றாள் லோகேஸ்வரி. “அண்ணி மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய்ப் புடவைகூட எடுத்துட்டாங்க.”

“அப்ப அவங்களே செய்யட்டும். நான் முன்வரிசையில உட்கார்ந்து பார்த்துக்கறேன். கோபமெல்லாம் இல்ல.”

“கோபம் இருந்தா பரவாயில்ல. சொல்லுங்க.”

அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். “கோபம் இல்ல லா. இருந்துச்சு. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நீ அண்ணன் வீட்டுக்குப் போனப்ப. நான் கோத்தா பாருலேர்ந்து வந்து கதவைத் திறந்தா வீடு காலி. தூளி கட்டுற சாரம்கூட இல்ல.”

சண்டை என்று பெரிதாக எதுவும் நடந்ததில்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை, யாருக்கும் வேறொருவர் இல்லை. அவள் சாயங்கால வகுப்பில் சேர்ந்து டிப்ளோமா படிக்கத் தொடங்கினாள். அவர் கோத்தா பாரு, ஜொகூர் என்று தூர ஓட்டம் எடுத்துக்கொண்டார். அவருக்கு நீண்ட சாலை பிடிக்கும். அவர் வீட்டில் இருக்கும் நாளில் அவளுக்கு வகுப்பு இருக்கும். மிச்சமெல்லாம் போனில்தான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருமுறை அவள் போன் பண்ணினாள். “என்னை என்ன பண்ணச் சொல்றே, நடுக்காட்டுல நிக்கிறேன். நீயே பார்த்துக்க,” என்றார். அவள் பார்த்துக்கொண்டாள். அப்புறம் எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள்.

“கூப்பிட வருவீங்கன்னு நினைச்சேன்,” என்றாள். “அண்ணன் வீட்டு வாசல்ல லோரிச் சத்தம் கேட்டா எட்டிப் பார்ப்பேன். அந்தத் தெருவுல எல்லாம் லோரிதான். தண்ணி லோரி, குப்பை லோரி.”

“நீ போன் பண்ணுவேன்னு நான் காத்திருந்தேன்.”

கடைக்காரர் வடையை எண்ணெயிலிருந்து அரித்துப் போட்டார். ஒரு தட்டு கேட்காமலே வந்தது.

அப்போது அவளுக்கு ஒன்று சொல்லத் தோன்றியது. “அந்தப் புகையில என்னென்ன இருக்குன்னு இப்ப எனக்குத் தெரியும். குழந்தையை அதுல தூங்கவச்சோமேன்னு நினைச்சாப் பயமா இருக்கு. ஆனாலும் பாருங்க, எங்கேயாவது பழைய வண்டி ஒண்ணு பக்கத்துல போனா, நான் மூக்கைப் பொத்தறதில்ல. எல்லாரும் பொத்துவாங்க. நான் நின்னு ஒரு மூச்சு இழுத்துட்டுத்தான் போவேன். என் வேலைக்கு இது வெட்கக்கேடு.”

அவர் தட்டில் கடைசியாக இருந்த வடையை அவள் பக்கம் நகர்த்தினார்.

“அண்ணன்கிட்ட நான் பேசறேன்,” என்றாள் அவள். “நீங்களே உட்காருங்க. என் பக்கத்துல. தாமரைக்காகத்தான்.”

“தாமரைக்காகத்தான்,” என்றார் அவரும்.

லோகேஸ்வரி எழுந்து, மேலதிகாரி மிஸ்டர் லிம்முக்குப் போன் செய்தாள். இஞ்சினை நிறுத்தச் சொன்னது தான்தான் என்றும், வண்டியிலோ ஓட்டுநரிடமோ எந்தக் குறையும் இல்லை என்றும், நாளைக்கு முதலிலிருந்து ஓட்ட வேண்டும் என்றும் சொன்னாள். ஏன் நிறுத்தினாய் என்று அவர் கேட்டார். வீட்டு விஷயம் என்றாள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. சரி, நாளைக்கு என்றார்.

ஆனாலும் லோரியைக் கிள்ளானுக்குக் கொண்டுபோய் விட்டாக வேண்டும். அவள் மடிக்கணினியை மூடி இருக்கைக்குப் பின்னால் வைத்தாள். இப்போது அளப்பதற்கு எதுவும் இல்லை. ஏசியை அணைத்துவிட்டுச் சன்னலை இறக்கினார்கள். பழைய கிள்ளான் ரோட்டில் அவர் கடைகளைக் காட்டிக்கொண்டே வந்தார். இங்கே ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருந்தது, அங்கே ஒரு சினிமாத் தியேட்டர், அந்த முடுக்கில் ஒருமுறை மூன்று மணி நேரம் டயர் மாற்றினோமே, நீ குடை பிடித்துக்கொண்டு நின்றாயே. ‘நீ’ என்று சொல்வது அவருக்கு இப்போது சிரமமாக இருக்கவில்லை. அவளுக்கும் அது குறையாகப் படவில்லை. குடை பிடித்தது அவளுக்கு நினைவில்லை. ஆனால் நினைவிருப்பதாகச் சொன்னாள்.

ஹைவேயில் ஏறியதும் காற்று காதில் இரைந்தது. பேச முடியவில்லை. பேசவும் தேவைப்படவில்லை. ஷா ஆலாமைத் தாண்டி கிள்ளான் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது, “போர்ட் கிள்ளான் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாமா? கப்பல் பார்க்கலாம்,” என்றார் அவர், சிரிப்போடு.

“சிமெண்டுக் கட்டையை வச்சுக்கிட்டா?”

“அதுக்கென்ன. கட்டையும் கப்பல் பார்க்கட்டும்.”

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் போகவில்லை. அளவுப் பெட்டியைக் கழற்ற ஆட்கள் கம்பெனி வாசலில் காத்திருந்தார்கள்.

மறுநாள் ஓட்டம் குறையில்லாமல் முடிந்தது. அன்று இருவரும் அதிகம் பேசவில்லை. பிரிக்பீல்ட்ஸில் கோடு மறுபடியும் மேலே ஏறியது, ஹைவேயில் இறங்கியது. நகரத்து நெரிசலில் இந்தக் கெட்டலிஸ்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்று லோகேஸ்வரி எழுதினாள். அதைச் செய்த நிறுவனத்துக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஹைவேயில் மட்டும் ஓட்டிக் காட்டக் கூடாதா என்று கேட்டார்கள். லோரி ஹைவேயிலேயே பிறந்து ஹைவேயிலேயே சாவதில்லை என்றாள். கடைசியில் கெட்டலிஸ்டை இஞ்சினுக்குப் பக்கத்தில் நகர்த்தி, சூடு வெளியே போகாதபடி குழாயைச் சுற்றிப் போர்த்தினார்கள். அடுத்த முறை நெரிசலிலும் அது தாக்குப்பிடித்தது. அந்த ஓட்டத்துக்கு வேறு ஓட்டுநர் வந்திருந்தார்.

பாலனிடம் பேசுவதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. இருபது வருடம் குழந்தையைத் தூக்கி வளர்த்தவன் நான், இப்போது வந்து உட்கார அவருக்கு என்ன உரிமை என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தாமரைதான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க என்னை மேடைக்குக் கூட்டிட்டு வாங்க மாமா, அதை நீங்கதான் செய்யணும்,” என்றாள். அதோடு அவர் அடங்கினார். அண்ணி மட்டும், “அந்தப் புடவையை நான் கட்டத்தான் போறேன்,” என்று சொல்லி, அப்படியே கட்டிக்கொண்டும் வந்தாள்.

கல்யாணம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. திருச்செல்வம் பட்டு வேட்டியில் நடக்கத் தெரியாமல் நடந்தார். தாரை வார்க்கும்போது ஐயர், “அம்மா தண்ணி ஊத்துங்க, அப்பா கையைக் கீழ பிடிங்க,” என்றார். லோகேஸ்வரி செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் பாதி அவருடைய வேட்டியில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து வழிந்தபோது துடைக்கவும் இல்லை, இரண்டு கையிலும் மகளின் கை இருந்ததால்.

பிறகு விருந்தாளிகளை வரவேற்பதும் வழியனுப்புவதுமாக ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போனார்கள். தாமரையும் போனாள், இருவரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு. பந்தி பரிமாறியவர்கள் மேசைத் தாள்களைச் சுருட்டத் தொடங்கியபோதுதான், பெண்ணைப் பெற்றவர்கள் இன்னும் சாப்பிடவில்லை என்று யாரோ கண்டுபிடித்தார்கள்.

சாம்பார் தீர்ந்திருந்தது. பாயசமும் இல்லை. ரசமும் மோரும் கொஞ்சம் பொரியலும் மிச்சமிருந்தன. காலி மண்டபத்தில் இரண்டு இலை போட்டார்கள். மறுநாள் காலையில் அவருக்குக் குவாந்தான் ஓட்டம் இருந்தது. அவளுடைய கொட்டகைக்கு ஒரு புது இஞ்சின் வரவிருந்தது.

“ரசம் நல்லா இருக்கு,” என்றார் அவர்.

“உப்பு கம்மி.”

“உனக்கு எப்பவுமே உப்பு கம்மிதான்.” அவர் உப்புக் கிண்ணத்தை எட்டி எடுத்து அவள் இலையோரத்தில் வைத்தார். இருவரும் அவசரமில்லாமல் சாப்பிட்டார்கள்.